வெட்டிய மரத்தின் இலை

ஜனவரி 9

அன்புள்ள உனக்கு,

இங்கே நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று மகள் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். மெயிலில் எழுதினால் துறை அலுவலகத்தில் பாதிப் பேர் படித்துவிட்டுத்தான் எனக்குக் காட்டுவார்கள். அதனால் பழையபடி தாளும் பேனாவும்.

விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் ஓய்வு பெறுகிறேன். அன்றைக்கே என் கையேடு வெளியாகிறது. மருந்துச் செடிகளையும் மரங்களையும் இலை, பட்டை, பால், மணம் இவற்றை வைத்தே அடையாளம் காணலாம். பூ பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதாரப் பணியாளர்கள் பையில் போட்டுக்கொண்டு போகிற அளவில் இருக்கும். என் உழைப்பில் எது மிஞ்சும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அட்டையில் உன் பெயரில் உள்ள மரம். வேறு எதைப் போடுவேன், சொல்.

இரண்டு உதவி வேண்டும். அந்த மரத்தைப் புது இனம் என்று நான் அறிவித்தபோது ஆதாரமாக ஒப்படைத்த டைப் தாள், உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிக் காக்கும் உன் ஹெர்பேரியத்தில்தான் இருக்கிறது. படம் எடுக்க அதை அனுப்ப வேண்டும். அடுத்தது, அந்த மரத்தையும் அதன் சொந்தக்கார மரமான கசப்புப்பட்டையையும் பிரித்துக் காட்டும் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஹெர்பேரியத்தின் சார்பில் ஒரு வரி எழுதிக் கொடு. உன் கண்ணில் படாத பிழை உலகத்தில் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா?

என்றும் உன் நலம் நாடும்,
நான்


ஜனவரி 20

பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடிதமும் அச்சுப் பக்கங்களும் வந்து சேர்ந்தன. முழங்காலுக்கு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். மருந்துச் செடி எதையும் அரைத்துப் போட வேண்டாம்.

டைப் தாள் தபாலில் போகாது. அது விதி. படம் எடுப்பவரை அனுப்பினால் என் முன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

அச்சுப் பக்கங்களில் சில திருத்தங்கள். ‘இலை பெரியது’ என்று இருக்கிறது. எதைவிடப் பெரியது? நீளத்தைப் போடுங்கள். ‘பட்டை வெட்டினால் மஞ்சள்’ என்பது சரி; சிறிது நேரத்தில் பழுப்பாகிவிடும் என்பதையும் சேர்க்க வேண்டும். தாமதமாகப் பார்ப்பவர் இது வேறு மரம் என்று விட்டுவிட்டுப் போவார். ‘மணம் இனியதல்ல’ என்பதை எடுத்துவிடுங்கள். மூக்குக்கு மூக்கு அபிப்பிராயம் மாறும்.

என் பெயரில் உள்ள மரத்துக்கு அடியில் பெயர்க் காரணம் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: ‘மாதிரிகளைத் தாளில் ஒட்டிப் பராமரிப்பதில் உதவிய பெண் ஊழியரின் நினைவாக.’

நினைவாக என்பது செத்தவர்களுக்குப் போடும் சொல். நான் தினமும் ஒன்பது மணிக்கு வேலைக்கு வருகிறேன். ஒட்டுவதைப் பொறுத்தவரை, இங்கே தாள் ஒட்டுகிற பசையண்ணனிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அந்தத் தாள நான்தானேம்மா ஒட்டினேன்? அப்ப அந்த மரம் என் பேர்ல இல்ல இருக்கணும்? இருபது வருஷமா என்னை ஏமாத்திட்டாங்க போலிருக்கே” என்றார்.

நீங்கள் அந்தப் பெயரை வைத்த வருடம் நான் முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வாளர். உங்கள் மனைவியும்கூட. அந்த மரத்தைக் கண்ட காட்டுப் பயணத்துக்கு நான் வராததற்குக் காரணம், மகளுக்கு அப்போது நான்கு மாதம். இதெல்லாம் மறந்திருக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
காப்பாளர், ஹெர்பேரியம்


பிப்ரவரி 2

அன்புள்ள உனக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். பசையண்ணன் இன்னும் அப்படியேதான் இருக்கிறாரா? நான் விசாரித்ததாகச் சொல்.

திருத்தங்கள் எல்லாம் ஏற்றுக்கொண்டேன். அந்த வரிக்கு மட்டும் இவ்வளவு கோபம் வேண்டாம். பதிப்பாசிரியர் இரண்டு வரியை ஒன்றாக்கச் சொன்னார். ‘மனைவி’ என்று போட்டால் படிக்கிறவர்கள் எந்த மனைவி என்று கேட்பார்கள். இப்போது வீட்டில் இருப்பவளுக்கும் மனசு இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில், மேடையில், அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இன்னொருத்தியைப் பற்றிப் படிக்கச் சொல்கிறாயா? நீ பெரிய மனசுக்காரி. புரிந்துகொள்வாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஊரில் எத்தனை புருஷன்மார் பெண்டாட்டிக்கு ஒரு மரத்தையே கொடுத்திருக்கிறார்கள்? சேலை கிழியும், தங்கம் அடகுக்குப் போகும். நான் கொடுத்தது இருக்கிறது. காரணம் என்ன எழுதினால் என்ன, பெயர் உன்னுடையதுதானே?

படம் எடுப்பவர் அடுத்த வாரம் வருவார். சரிபார்ப்பு வரியை அவரிடமே கொடுத்தனுப்பு.

அன்புடன்,
நான்


பிப்ரவரி 17

பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படம் எடுப்பவர் வந்தார், எடுத்தார், போனார். நல்ல பையன், கை நடுங்கவில்லை. சரிபார்ப்பு வரியைக் கொடுத்தனுப்பவில்லை.

காரணம் இது. அவர் விளக்கை நகர்த்திக்கொண்டிருந்தபோது நான் அந்தத் தாளின் முன்னால் சும்மா நிற்க வேண்டியிருந்தது. என் பொறுப்பில் வந்து இத்தனை வருடத்தில் அதை நான் அப்படி நின்று பார்த்ததே இல்லை. பூச்சி அரிக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். செடியாகப் பார்த்ததில்லை.

தாளில் ஒரு கிளை. நீளமான, நேரான, அந்த வருடம் விட்ட தளிர்க்கிளை. இலை ஓரத்தில் பல், அடியில் மென்மையான ரோமம், காம்பு சேருமிடத்தில் இரண்டு சுரப்பி. எல்லாம் நீங்கள் எழுதியபடியே இருக்கிறது. பூவைக் காணோம். பூ தனியாக ஒரு காகித உறையில் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. கிளையில் பூக்காம்பு உதிர்ந்த தழும்பு ஒன்றுகூட இல்லை.

உங்களிடம் இருக்கும் மற்ற மாதிரிகளில் பல்லும் ரோமமும் உள்ள இலையும் பூவும் ஒரே கிளையில் இருக்கும் தாள் ஏதாவது உண்டா? இருந்தால் அதன் எண்ணை மட்டும் எழுதுங்கள். நான் உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
காப்பாளர்


மார்ச் 5

அன்புள்ள உனக்கு,

காட்டில் அலைந்தவனுக்குத்தான் தெரியும். பூ பையில் உதிர்ந்துவிடும், உறையில் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். ஏசி அறையில் இருப்பவர்களுக்கு இது குற்றமாகத் தெரிகிறது.

நான் அந்தக் கிளையை எடுத்தது பட்டை உரிப்பவர்கள் போய்வரும் பாதையில். இருபுறமும் இந்த மரம் அடர்ந்து, ஆள் உயரத்தில், கைக்கு எட்டும்படி நிற்கும். நான் கனவா கண்டேன்? பூ அதே இடத்தில்தான் எடுத்தேன். இத்தனை வருடமாக எத்தனையோ பேர் பார்த்துவிட்டார்கள். யாரும் கேட்காததை நீ ஒருத்தி கேட்கிறாய். அதுவும் இந்த வருடம் பார்த்து.

அந்த ஒரு வரிதான் காரணம் என்றால் சொல்லிவிடு. ‘ஆய்வாளர்’ என்று மாற்றச் சொல்கிறேன். ஜூலைக்குள் உன் கையெழுத்து எனக்கு வேண்டும்.

அன்புடன்,
நான்


ஜூலை 11

பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் குறித்த மாதம் வந்துவிட்டதால் எழுதுகிறேன்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தில் ஒரு தகவல் இருந்தது. பட்டை உரிப்பவர்கள் போய்வரும் பாதை, ஆள் உயரத்தில் நிற்கும் மரங்கள். பட்டை உரிப்பவர்கள் கசப்புப்பட்டை மரத்தை நிற்கவைத்து உரிப்பதில்லை. இடுப்பு உயரத்தில் வெட்டிச் சாய்த்துத்தான் உரிப்பார்கள். மீதி அடிக்கட்டை அங்கேயே நிற்கும். அது சாகாது.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கசப்புப்பட்டை மரம் இருந்தது. உங்களுக்கும் தெரியும், அதன் கீழேதான் சைக்கிளை நிறுத்துவீர்கள். இலை ஓரம் நேர், ரோமம் இல்லை, சுரப்பி இல்லை. நன்றாக வளர்ந்த, சந்தேகத்துக்கு இடமில்லாத மரம். வேலியோரம் இன்னும் இரண்டு. மூன்றையும் மார்ச் மாதம் இடுப்பு உயரத்தில் வெட்டச் சொன்னேன். தோட்டக்காரர் கோடாலியோடு மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “நல்ல மரம்மா. நோயும் கிடையாது. எதுக்கு?” என்றார். “ஒரு சந்தேகம்” என்றேன். “உங்க சந்தேகத்துக்கு அது என்னம்மா பண்ணும்?” என்று கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்.

மே மாதம் துளிர்த்தன. இப்போது கட்டையைச் சுற்றி நீளமான, நேரான கிளைகள். இலை பழையதைவிட இரண்டு மடங்கு நீளம். ஓரத்தில் பல். அடியில் மென்மையான ரோமம். காம்பு சேருமிடத்தில் இரண்டு சுரப்பி. மூன்று மரத்திலும். ஒரு கிளையை உடைத்து டைப் தாளின் பக்கத்தில் வைத்தேன். பசையண்ணன் எட்டிப் பார்த்து, “என்னம்மா, உங்க மரம் நம்ம ஜன்னலுக்குக் கீழயே முளைச்சிருக்கு” என்றார். சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் கண்டுபிடித்தது புது இனம் இல்லை. வெட்டுப்பட்ட கசப்புப்பட்டையின் துளிர். பூ, பக்கத்தில் வெட்டுப்படாமல் நின்ற கசப்புப்பட்டையின் பூ. உங்கள் கையேட்டை வைத்துக்கொண்டு ஒருவர் பாதி வெட்டிய மரத்தின் முன்னால் நின்றால், மேலே பார்த்து ஒரு பெயரும் கீழே பார்த்து வேறொரு பெயரும் சொல்வார். இடுப்பு வரைக்கும் உங்கள் மரம், அதற்கு மேலே கடவுள் படைத்தது.

இனி நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். வெட்டிய கட்டையின் துளிரில் இலை வேறு மாதிரி வரும் என்பது தெரியாதவர் இல்லை நீங்கள். முதல் வருடம் தவறியிருக்கலாம். கண்டுபிடித்த சந்தோஷம் கண்ணை மறைத்திருக்கும். ஆனால் அதே பாதையில் நீங்கள் மறுபடி மறுபடி போயிருக்கிறீர்கள். எப்போது தெரிந்தது?

இன்னொன்று. இத்தனை வருடம் நான் ஏன் அந்தத் தாளைப் பார்க்கவில்லை என்று இந்த நான்கு மாதமும் யோசித்தேன். நம் தொழிலில் யாரும் தன் பெயரைத் தானே செடிக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்தவர் வைத்தால் அதைப் பற்றி வாய் திறக்கவும் மாட்டார்கள். கூச்சம். மற்றவர்களும் என்னிடம் வந்து, “மேடம், உங்க பேர்ல இருக்கறது செல்லுமா?” என்று கேட்க மாட்டார்கள். டைப் தாள் என் அலமாரியில். அதில் குறை கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான். அந்த ஆளின் பெயரையே அதற்கு வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

நான் அதைப் பரிசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்த அன்றும், போகட்டும், மரம் இருக்கிறது என்று நினைத்தேன். நான் அப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
காப்பாளர்


ஜூலை 24

அன்புள்ள உனக்கு,

நன்றாக நின்ற மூன்று மரத்தை வெட்டியிருக்கிறாய். என்னைத் திட்ட வேண்டுமென்றால் போன் பண்ணியிருக்கலாமே. மரம் என்ன பண்ணியது உன்னை? அந்த மரத்தடியில் உனக்காக நான் எத்தனை சாயங்காலம் காத்திருந்திருக்கிறேன் தெரியுமா? வெட்டும்போது ஒரு நிமிஷம்கூட உனக்குத் தோன்றவில்லையா?

இதை அறிவியல் என்று சொல்லாதே. பழிவாங்குகிறாய். இரண்டாம் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்கு, பேராசிரியர் ஆனதற்கு, நீ அந்தப் பசை நாற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டதற்கு. அங்கே இருந்தது நீயே தேர்ந்தெடுத்தது. குழந்தை சின்னது, ஊர் ஊராக வர முடியாது என்று சொன்னது யார்?

சரி. சண்டை வேண்டாம். எனக்கு வயசு அறுபது. இந்த ஒரு மரத்தை வைத்துத்தான் எனக்கு எல்லாம் கிடைத்தது. இதை எடுத்துவிட்டால் மேடையில் என்னைப் பற்றிப் பேச வருகிறவர்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது. அக்டோபர் தாண்டட்டும். அதற்குப் பிறகு நீ என்ன எழுதினாலும் நான் மறுத்து ஒரு வார்த்தை எழுதமாட்டேன். பெயர்க் காரணத்தை முழுப் பக்கம் எழுதித் தருகிறேன். மனைவி என்றே போடுகிறேன். வீட்டில் பேசிவிட்டேன். அவள் சரி என்றுவிட்டாள்.

யோசித்துப் பார். இறங்கப்போவது உன் பெயரும்தான். உன் பெயரில் உலகத்தில் வேறு என்ன இருக்கிறது?

கெஞ்சிக் கேட்கும்,
நான்


ஆகஸ்ட் 6

பேராசிரியர் அவர்களுக்கு,

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு மட்டும் பதில் இல்லை. அதனால் பதில் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணினாள். நீங்கள் பேசச் சொன்னீர்களாம்.

“அம்மா, அப்பா அழற மாதிரி பேசறாரு. ஒரு மரத்துக்காகவா ரெண்டு பேரும் இப்படி அடிச்சிக்கிறீங்க?”

“மரத்துக்காக இல்லடி.”

“ரெண்டு மாசம்தானேம்மா கேக்கறாரு. குடுத்தா என்ன கொறஞ்சு போயிடுவ?”

“ரெண்டு மாசத்துல அந்தப் புத்தகம் ஆயிரம் பேர் கைக்குப் போயிடும்.”

“புத்தகத்துக்காகத்தான் பண்றியா? நெஜமா சொல்லு.”

அவள் உங்கள் மூக்கோடும் என் சந்தேகத்தோடும் பிறந்தவள். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை. “இல்ல” என்றேன். பிறகு அவள், “சரி, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

உங்களிடமும் அதையே சொல்கிறேன். இதை அறிவியலுக்காகச் செய்கிறேன் என்று நான் எங்கும் எழுதவில்லை. பழிவாங்குகிறேன். உண்மையும் அதே பக்கத்தில் இருந்தது என் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது தேடியிருப்பேன். ஆனால் இவ்வளவு சுத்தமாகக் கிடைத்திருக்காது.

குழந்தை சின்னது என்று சொன்னது நான்தான். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் காட்டுக்கு வருகிறேன் என்று சொன்னதும் நான்தான். அப்போது நீங்கள், “எதுக்கு வெயில்ல அலையற? அதான் உன் பேர்ல மரமே இருக்கே” என்றீர்கள். நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டேன். நான் ஒரு தடவை அந்தப் பாதையில் உங்களோடு நடந்திருந்தால், அரை மணி நேரத்தில் ஒரு அடிக்கட்டையைக் காட்டியிருப்பேன். நான் வரக்கூடாது என்பதுதான் உங்களுக்கு வேண்டியிருந்தது.

முழுப் பக்கம் வேண்டாம். மனைவி என்ற சொல்லும் வேண்டாம். அதற்காக வீட்டில் அனுமதி கேட்டிருக்கவும் வேண்டாம். அந்த மரம் கசப்புப்பட்டைதான் என்ற குறிப்பை எங்கள் காலாண்டிதழுக்கு நேற்று கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
காப்பாளர்


செப்டம்பர் 15

உனக்கு,

உங்கள் இதழிலிருந்து எனக்கும் கருத்துக் கேட்டு அனுப்பினார்கள். மறுப்பு இல்லை என்று எழுதிவிட்டேன். எதை மறுப்பது? படங்கள் தெளிவாக இருக்கின்றன. நீ எப்போதும் நல்ல படம்தான் போடுவாய்.

அச்சை நிறுத்தி அந்தப் பக்கத்தை எடுக்கச் சொல்லிவிட்டேன். அட்டையில் வேறு ஏதோ ஒரு இலை வருகிறது. விழாவைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். தள்ளிவைப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

நீ ஜெயித்துவிட்டாய். என்னிடம் உன்னுடையது என்று இருந்ததும் போயிற்று, உன்னிடம் என்னுடையது என்று இருந்ததும் போயிற்று. இனி நம் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றுமே மிச்சமில்லை. நிம்மதியாக இரு.

நான்


செப்டம்பர் 30

பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதழின் பிரதி இத்துடன் இருக்கிறது. என் குறிப்பு இரண்டே பக்கம். உங்களைப் பற்றிக் கடுமையாக ஒரு சொல்லும் இல்லை, தேவைப்படவில்லை. மூன்று மரமும் நன்றாகத் தழைத்திருக்கின்றன. கீழே விட்ட கிளைகளில் ஒன்றிரண்டில், மேலே போகப் போக, புதிதாக வரும் இலைகளில் பல் மறைகிறது, ரோமமும் உதிர்கிறது. அதையும் அளந்து வைத்திருக்கிறேன்.

நமக்கு நடுவில் ஒன்றும் மிச்சமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பிழை. கடைசிப் பக்கத்தில், கசப்புப்பட்டையின் சரியான பெயருக்குக் கீழே பாருங்கள்.

வைத்த பெயரை அழிப்பதற்கு நம் துறையில் விதி கிடையாது. சரியான பெயருக்குக் கீழே இறக்கத்தான் முடியும். இறக்கிய பெயரையும், அதை வைத்தவர் பெயரையும் பின்னால் வருகிறவர்கள் விடாமல் எழுதியாக வேண்டும். இந்த மரத்தைப் பற்றி இனி யார் எழுதினாலும், உங்கள் மாணவர்களின் மாணவர்கள் எழுதினாலும், என் பெயரைப் போட்டு, ஒட்டினாற்போல் உங்கள் பெயரைப் போட வேண்டும். குறிப்பை அனுப்புவதற்கு முன்னால் இது எனக்குத் தெரியும். உங்கள் பக்கத்தில் என் பெயர் அப்படி நிரந்தரமாகக் கிடக்க வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இதற்காக விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் தோன்றியது. பிறகு உறையை ஒட்டினேன்.

உங்கள் வாழ்க்கைக் குறிப்பில் நான் இல்லை. வீட்டில் என் படம் இல்லை என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் உங்கள் கையில் இருந்தது. இது உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. கசப்புப்பட்டை மரம் இருக்கும்வரை, ஒவ்வொரு புத்தகத்திலும், சிறிய எழுத்தில், செல்லாதது என்ற அடையாளத்தோடு நாம் சேர்ந்தே இருப்போம். அதைப் பிரிக்க எந்தக் கோர்ட்டிலும் மனு போட முடியாது.

இப்படிக்கு,
காப்பாளர், ஹெர்பேரியம்